மேக்ரோவுக்குள் துணைநிரல்: இடத்தின் எல்லையும் காலத்தின் எல்லையும்

ஒரு நிரலில் பல இடங்களில் தேவைப்படும் ஒரே வேலையை ஒருமுறை எழுதிப் பெயரிட்டு, வேண்டும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்துக்கொள்ளும் கட்டளைத் தொடரே துணைநிரல் எனப்படுகிறது. 1949இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், துணைநிரல் தன் வேலையை முடித்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பிவரும் உத்தியை டேவிட் வீலர் வகுத்தார்; அவரும் மாரிஸ் வில்க்ஸும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து எழுதி 1951இல் வெளியான நூல் துணைநிரல்களின் நூலகத்தை மையமாகக் கொண்டது. மேக்ரோ இதற்கு அடுத்து வந்தது. பார்வைக்குத் துணைநிரலைப் போலவே இருந்தாலும் இயல்பில் வேறானது. துணைநிரலை அழைத்தால் கணினி அங்கே சென்று வேலையை முடித்துத் திரும்புகிறது. மேக்ரோவை அழைத்தாலோ, அழைத்த பெயர் நின்ற இடத்திலேயே அதன் உடலாகிய பனுவல் வந்து அமர்கிறது, அதன் பிறகே அப்பனுவல் வாசிக்கப்படுகிறது. இப்படிப் பெயர் நீங்கிப் பனுவல் வந்து அமர்வதை விரிவு என்பர்.

பெரிய மேக்ரோ ஒன்றை எழுதுகிறவர் அதன் உள்வேலைகளுக்கென்று சிறு துணைநிரல்களை அதற்குள்ளேயே வரையறுத்துக்கொள்ள விரும்புவது இயல்பானதே. அந்தத் துணைநிரல் வெளியே எவருக்கும் தெரியக்கூடாது, வெளியே அதே பெயரில் வேறொன்று இருந்தால் அதைக் கெடுக்கவும் கூடாது என்ற எதிர்பார்ப்பும் நியாயமானதே. ஆனால் மேக்ரோ மொழிகள் பெரும்பாலானவற்றில் இந்த எதிர்பார்ப்பு பாதி மட்டுமே நிறைவேறுகிறது. காரணம், இம்மொழிகளில் ஒரு பெயர் உள்ளூர்ப் பெயராக இருப்பது அது எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்ததன்று. எப்போது வரையறுக்கப்பட்டது, எப்போது மறக்கப்படும் என்பதைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை அறியாமல் எழுதப்படும் மேக்ரோக்களே பிற்பாடு காரணம் விளங்காத பிழைகளாக வெடிக்கின்றன.

ஒரு பெயர் எதுவரை செல்லுபடியாகும் என்ற வரம்பை எல்லை என்று குறித்தால், அது இரு வகைப்படும். 1960இல் வெளியான அல்கால் 60 மொழியின் அறிக்கை முதல் வகையை நிலைநாட்டியது: தொடக்கச் சொல்லுக்கும் முடிவுச் சொல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில் அறிவிக்கப்படும் பெயர் அப்பகுதிக்குள் மட்டுமே பொருள் கொள்ளும், ஒரு செயல்முறைக்குள் இன்னொரு செயல்முறையை வரையறுக்கலாம், நிரலை ஓட்டிப் பார்க்காமல், தாளில் உள்ளதை வாசித்தே எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிடலாம். இதை எழுத்திட எல்லை எனலாம். இரண்டாம் வகையில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் கடைசியாக வரையறுக்கப்பட்டு இன்னும் நீக்கப்படாமல் இருப்பது எதுவோ அதுவே அந்தப் பெயரின் பொருள். இதை ஓட்டக்கால எல்லை எனலாம். விரிவு என்பதே ஓட்டத்தின்போது நிகழ்வது என்பதால் மேக்ரோ மொழிகள் இரண்டாம் வகையின் பக்கம் சாய்ந்தன.

இந்தச் சாய்வை மிக அழகாகப் பயன்படுத்தியவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. கேம்பிரிட்ஜில் சிபிஎல் என்னும் மொழிக்கான தொகுப்பியை உருவாக்கும் பணிக்காக அவர் வடிவமைத்து, 1965இல் கட்டுரையாக வெளியிட்ட ஜிபிஎம் என்னும் பொதுநோக்கு மேக்ரோ மொழியில் ஒரு விதி உண்டு: ஒரு மேக்ரோவை அழைக்கும்போது அந்த அழைப்பின் உறுப்புகளுக்குள் செய்யப்படும் வரையறை, அந்த அழைப்பு முடிந்ததும் தானாக மறைந்துவிடும். உறுப்புகள் கணிக்கப்பட்ட பிறகே அழைக்கப்படும் மேக்ரோவின் பெயர் தேடப்படுகிறது என்பதால், அழைப்பவர் தாம் அழைக்கும் மேக்ரோவையே அந்த அழைப்புக்குள் வரையறுத்துவிட முடியும். கூட்டலைத் தொடாமலே ஓர் எண்ணுக்கு அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரேச்சி இதைத்தான் கையாண்டார். “1” என்ற பெயருடைய மேக்ரோ அழைக்கப்படுகிறது. அதன் உறுப்புகள் 2, 3, 4 என்று தொடங்கி 10 வரை வரிசையாக நிற்கின்றன. கடைசி உறுப்பின் இடத்தில், “1” என்ற மேக்ரோவின் உடல் ‘இத்தனையாவது உறுப்பைத் தருக’ என்று வரையறுக்கப்படுகிறது. கேட்கப்பட்ட எண் 3 எனில் மூன்றாம் உறுப்பாகிய 4 விடையாகக் கிடைக்கும். வேலை முடிந்ததும் அந்தத் தற்காலிக “1” மறைந்துவிடும். கணக்கிடும் ஆணை எதையும் தொடாமல் உள்ளூர் வரையறை ஒன்றை மட்டும் கொண்டு கணக்கைக் கறந்த இந்த உத்தி, மேக்ரோவுக்குள் துணைநிரல் என்ற கருத்தின் முதல் பெரும் சாதனைகளில் ஒன்றாகவே கருதத்தக்கது.

ஜிபிஎம் வழியில் வந்த மொழிகள் எல்லாம் இந்தத் தாராளத்தைக் காக்கவில்லை. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1977இல் விளக்கிய எம்4 மொழியில் ஒரு மேக்ரோ விரியும்போது அதற்குள் செய்யப்படும் வரையறை எல்லாருக்கும் பொதுவானதாகிவிடும். அதைத் தற்காலிகமாக்க வேண்டுமானால் பழைய பொருளை அடுக்கின் அடியில் தள்ளிப் புதியதை மேலே வைக்கும் ஆணையையும், வேலை முடிந்ததும் மேலுள்ளதை எடுத்தெறியும் ஆணையையும் நிரலாளரே மறக்காமல் எழுதவேண்டும். சி மொழியின் முன்செயலி இன்னும் கண்டிப்பானது. அதில் மேக்ரோ விரிந்து கிடைக்கும் வரி வரையறை ஆணையைப் போலத் தோற்றமளித்தாலும் ஆணையாக ஏற்கப்படாது. ஆகவே உள் வரையறை எதுவரை நீடிக்கும் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

கேள்வி அதன் முழுச் சிக்கலோடும் வாழ்வது டெக் மொழியில்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், தம் நூல்களின் அச்சுக்கோப்பு தரமிழந்ததைக் கண்டு 1977இல் வடிவமைக்கத் தொடங்கிய இந்த அச்சுக்கோப்பு மென்பொருள், இன்றளவும் கணிதம், இயற்பியல் ஆகிய துறைகளின் ஆய்வேடுகளுக்கு அடித்தளமாக நிற்கிறது. நூலாசிரியர்கள் தமக்கு வேண்டிய சுருக்கங்களை ஆக்கிக்கொள்வதற்கென்று வைக்கப்பட்ட மேக்ரோ வசதி, லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் கட்டிய லாடெக் போன்ற பெருந்தொகுப்புகளால் ஒரு முழு நிரல்மொழியின் சுமையைச் சுமக்கும் நிலைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1982இல் திருத்தி எழுதப்பட்ட டெக், பாஸ்கல் மொழியை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்டது. செயல்முறைக்குள் செயல்முறையை எழுத்திட எல்லையோடு வரையறுக்கும் வசதி பாஸ்கலில் உண்டு. அந்த வசதி டெக்கைப் பயன்படுத்துவோருக்குக் கொடுக்கப்படவில்லை.

கொடுக்கப்பட்டது குழு என்னும் அமைப்பு. நெளிவு அடைப்புக்குறிகளுக்குள்ளோ, அதற்கென உள்ள தொடக்க, முடிவு ஆணைகளுக்குள்ளோ அமையும் பகுதி ஒரு குழு. குழுவுக்குள் ஒரு பெயருக்குப் புதிய வரையறை தரப்படும்போது அதன் பழைய பொருளைச் சேமிப்பு அடுக்கு என்னும் பகுதியில் டெக் பத்திரப்படுத்துகிறது. குழு முடிந்ததும் பழையதை எடுத்து மீண்டும் அமர்த்துகிறது. ஒரு மேக்ரோ அழைக்கப்படும்போது இத்தகைய குழு தானாகத் திறப்பதில்லை என்பது பலரும் தவறவிடும் செய்தி. மேக்ரோவின் உடலைச் சுற்றி நிற்கும் அடைப்புக்குறிகள் உடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் எல்லைக்கற்கள் மட்டுமே. விரிவின்போது அவை உடலோடு வருவதில்லை. எனவே வெளி மேக்ரோவின் உடலுக்குள் வரையறுக்கப்பட்ட உள் மேக்ரோ, வெளி மேக்ரோவின் வேலை முடிந்த பின்னும் உயிரோடிருக்கும். அப்போது திறந்திருக்கும் குழு எதுவோ அது மூடும்வரை, குழு எதுவும் திறந்திராவிட்டால் ஆவணத்தின் கடைசிப் பக்கம்வரை, அது நீடிக்கும்.

லாடெக்கில் இதன் விளைவுகள் எதிரெதிர்த் திசைகளில் வெளிப்படுகின்றன. தொடக்கமும் முடிவும் கொண்ட ஒவ்வொரு சூழலும், அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு குழு என்பதால், முதல் கட்டத்தில் வரையறுத்த ஆணை இரண்டாம் கட்டத்தில் இல்லாமற்போகிறது. குழு இல்லாத இடத்திலோ நிலைமை நேர்மாறு. லாடெக்கில் புதிய ஆணையை உருவாக்கும் கட்டளை, அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மறுத்துவிடும். ஆகவே ஒரு மேக்ரோவுக்குள் அக்கட்டளையைக் கொண்டு துணை மேக்ரோவை வரையறுத்தால், வெளி மேக்ரோ முதல்முறை பிழையின்றி ஓடும். அதே குழுவில் இரண்டாம்முறை அழைக்கும்போது, உள்பெயர் முன்பே வரையறுக்கப்பட்டது என்ற புகாரோடு நின்றுவிடும். ஒருமுறை சோதித்து நிறைவடைந்தவருக்கு இப்பிழை கண்ணில் படாது.

அளபுருக்களின் சிக்கல் இன்னும் நுட்பமானது. மேக்ரோவுக்குத் தரப்படும் உள்ளீடுகளின் இடத்தைக் குறிக்கும் அடையாளம் அளபுரு. டெக்கில் அவை #1 முதல் #9 வரை ஒன்பதே. வெளி மேக்ரோவின் உடலில் #1 என்று எழுதினால் அது வெளி மேக்ரோவின் முதல் உள்ளீட்டையே குறிக்கும். அந்த உடலுக்குள் எழுதப்படும் உள் மேக்ரோ தன் சொந்த உள்ளீட்டைக் குறிக்க விரும்பினால் ##1 என்று இரட்டிக்க வேண்டும். வெளி மேக்ரோ விரியும்போது இரண்டு குறிகள் ஒன்றாகச் சுருங்கி, உள் வரையறையின் கைக்கு #1 என்று போய்ச்சேர்கின்றன. அதற்குள்ளும் ஒரு மேக்ரோ என்றால் ####1. நான்காம் அடுக்கில் எட்டுக் குறிகள். இரட்டிக்க மறந்தால் என்ன ஆகும் என்பது வெளி மேக்ரோவின் அமைப்பைப் பொறுத்தது. அதற்கு அளபுருவே இல்லையென்றால் அளபுரு எண் பொருந்தவில்லை என்று டெக் அங்கேயே சொல்லிவிடும். அதற்கும் ஓர் அளபுரு இருந்தால் டெக் அங்கே வாய் திறக்காது: வெளி உள்ளீடாக வந்த சொல், உள் மேக்ரோவின் பெயருக்குப் பின் கட்டாயம் வரவேண்டிய சொல்லாகப் பதிவாகிவிடும், பிறகு எங்கோ அந்த உள் மேக்ரோ அழைக்கப்படும்போது, பயன்பாடு வரையறையோடு பொருந்தவில்லை என்ற செய்தி வரும். செய்தி வந்த வரிக்கும் குற்றம் நடந்த வரிக்கும் தொடர்பே இராது.

இவ்வளவு தொல்லைக்கு ஈடாக ஓர் உண்மையான ஆதாயம் உண்டு. உள் மேக்ரோவின் உடலில் இரட்டிக்காமல் எழுதப்படும் #1, உள் மேக்ரோ வரையறுக்கப்படும் முன்பே வெளி உள்ளீட்டால் நிரப்பப்பட்டுவிடுகிறது. தன்னைச் சூழ்ந்த செயற்கூற்றின் மதிப்புகளை உடன் எடுத்துச்செல்லும் செயற்கூறுகளைப் பிற நிரல்மொழிகள் சிறப்பு வசதியாகக் கொண்டாடுகின்றன. டெக்கில் வெறும் பனுவல் பதிலீட்டாலேயே அதற்கு நிகரான ஒன்று கிடைத்துவிடுகிறது. நிகரானதுதான், அதுவே அன்று. உள்ளே தைக்கப்படுவது மதிப்பு அன்று, உள்ளீட்டின் பனுவல். அப்பனுவலில் வேறொரு மேக்ரோவின் பெயர் இருந்து, அதன் பொருள் பின்னால் மாறினால், தைக்கப்பட்டதும் மாறிய பொருளையே தரும். வரையறுக்கும் கணத்திலேயே உடல் முழுவதையும் விரித்துப் பதியும் மற்றொரு வரையறை ஆணையைப் பயன்படுத்தினால்தான் அன்றைய மதிப்பு உறைந்து நிற்கும்.

உள் மேக்ரோவை வெளியே கசியவிடாமல் காக்க, வெளி மேக்ரோவின் உடலுக்குள் ஒரு குழுவைத் திறந்து மூடுவது வழக்கமான மருந்து. இம்மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு: குழு மூடும்போது உள் மேக்ரோவோடு சேர்ந்து, அங்கே கணக்கிட்டு வைத்த விடையும் மறைந்துவிடுகிறது. விடையைப் பொதுப் பெயராக அறிவித்து வெளியே அனுப்பலாம். ஆனால் ஒரே பெயரை ஒருசமயம் உள்ளூரளவிலும் மறுசமயம் பொதுவாகவும் மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய பொருள் ஒன்று சேமிப்பு அடுக்கில் சேர்ந்து, நீண்ட சுழற்சியில் அடுக்கே நிரம்பி வழியும். அதனால்தான் ஒரு பெயரை இரு வகையாகவும் கையாளவேண்டாம் என்று கனூத்தின் டெக் கையேடு எச்சரிக்கிறது. தேர்ந்தவர்கள் கையாளும் வழி வேறு. குழுவை மூடும் ஆணை செயல்படுவதற்கு ஒரு கணம் முன்பாக, அதற்கு அடுத்து நிற்கும் விடையின் பெயரை விரிக்கச் செய்துவிட்டால், பெயர் அழிந்தாலும் அதன் உள்ளடக்கம் ஏற்கெனவே வாசிப்பு வரிசையில் நின்றிருக்கும். குழு மூடியபின் அது வெளியே கிடைக்கும். டெக் நிரலாளர்களின் உத்திகளில் இதைவிட நேர்த்தியான ஒன்றைக் காட்டுவது கடினம்.

இன்னொரு விலை பலருக்கும் தெரியாமலே கொடுக்கப்படுகிறது. டெக்கில் வேலைகள் இரு வகை: பெயரைப் பனுவலாக மாற்றும் விரிவு ஒன்று, நினைவகத்தில் மாற்றம் செய்யும் செயல் மற்றொன்று. வரையறை என்பது செயல். முழு விரிவு மட்டுமே நடைபெறும் இடங்களில், எடுத்துக்காட்டாக இயல் தலைப்பு பொருளடக்கக் கோப்புக்கு எழுதப்படும்போது, வரையறை ஆணை வரையறுக்காமல் அப்படியே கடந்துபோகிறது. அது வரையறுக்கவேண்டிய பெயரோ, இன்னும் வரையறுக்கப்படாத நிலையிலேயே விரிக்க முயலப்பட்டுப் பிழையாகிறது. லாடெக்கில் உடையக்கூடிய ஆணைகள் என்று நெடுங்காலம் அறியப்பட்டவற்றில் பல, தமக்குள் இப்படி வரையறையையோ மதிப்பளிப்பையோ வைத்திருப்பவைதாம். ஆக, உள்ளே ஒரு துணைநிரலை வரையறுத்த அந்தக் கணத்திலேயே மேக்ரோ தன் விரியும் தன்மையை இழந்துவிடுகிறது. எழுதுகிறவர் பெறும் வசதிக்கும் பயன்படுத்துகிறவர் இழக்கும் இடங்களுக்கும் இடையே சமநிலை இல்லை என்பதே இதில் கவனிக்கவேண்டியது.

டெக்குக்கு வெளியே, மேக்ரோ என்ற சொல்லை அன்றாடம் புழங்குகிறவர்கள் எக்செல் பயனாளர்களே. 1993இல் எக்செல்லோடு வந்து சேர்ந்த விஷுவல் பேசிக் மொழியில் ஒரு செயல்முறைக்குள் இன்னொன்றை வரையறுக்க முடியாது. ஆனால் 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்த பேசிக்கிலிருந்து மரபாக வந்த கோசப், ரிட்டர்ன் என்னும் ஆணைகள் அதில் உண்டு: செயல்முறைக்குள்ளேயே ஒரு பெயர்ப்பலகை நட்டு, அங்கே தாவி, வேலை முடிந்ததும் திரும்பலாம். இது முற்றிலும் இடத்தால் அமைந்த உள்ளூர்த் துணைநிரல். வெளியே எவருக்கும் தெரியாது. ஆனால் இதற்கு அளபுருவும் இல்லை, சொந்த மாறியும் இல்லை. பெயர்ப்பலகைக்கு முன் செயல்முறையை முடிக்கும் ஆணையை எழுத மறந்தால், ஓட்டம் நேரே துணைநிரலுக்குள் நுழைந்து, அழைக்கப்படாமலே திரும்ப முயன்று, 3 என்ற எண்ணுடைய பிழையில் முடியும். விஷுவல் பேசிக்கின் பின்னர் வந்த டாட்நெட் பதிப்பில் கோசப் ஆணை கைவிடப்பட்டது.

ஸ்கிரிப்ட் மொழிகளில் பாஷ், டிசிஎல் ஆகியவை டெக்கின் உறவினர்கள். பாஷில் செயற்கூற்றுக்குள் எழுதப்படும் செயற்கூறு, வெளியுள்ளது ஓடும்போது பொதுப் பெயராகப் பிறந்து அங்கேயே தங்கிவிடும். மாறியை உள்ளூரளவில் நிறுத்தச் சொல் உண்டு, செயற்கூற்றுக்கு அதுவும் இல்லை. உடலை நெளிவு அடைப்புக்குப் பதிலாக வளைவு அடைப்புக்குள் எழுதினால் அது தனியொரு துணைச் செயலாக ஓடி, தன் வரையறைகளோடு மடியும் என்பது அங்கே வழங்கும் மாற்று. டிசிஎல்லிலும் உள்ளே வரையறுத்த செயல்முறை வெளியே வந்துவிடும். பெர்ல் நெடுங்காலம் இதே நிலையில் இருந்து, 2013இல் வந்த 5.18 பதிப்பில்தான் பெயருள்ள துணைநிரலை எழுத்திட எல்லைக்குள் அடைக்கும் வசதியைச் சோதனையளவில் தந்தது. விம் தொகுப்பானின் மொழியில் செயற்கூற்றுக்குள் பிறக்கும் செயற்கூறு பொதுவாகவே இருந்தது; 2022இல் வெளியான 9.0 பதிப்பின் புதிய மொழிவடிவம் அதை அச்செயற்கூற்றுக்கே உரியதாக்கியது.

மேக்ரோக்களின் உலகிலேயே எழுத்திட எல்லையைக் கொண்டுவந்தவர்கள் ஸ்கீம் மொழியின் ஆய்வாளர்கள். லிஸ்ப் வழிவந்த மொழிகளில் மேக்ரோ தனக்கென வைத்துக்கொள்ளும் தற்காலிகப் பெயர், பயனாளர் வைத்த அதே பெயரை மறைத்துவிடும் தொல்லை நெடுநாளாக இருந்தது. மோதாத புதுப்பெயரைக் கேட்டுப் பெறுவதும், அதைக் கேட்க மறக்காதிருப்பதும் நிரலாளரின் பொறுப்பாகவே இருந்தன. யூஜின் கோல்பெக்கர், டேனியல் ஃபிரீட்மன், மத்தியாஸ் ஃபெல்லைசன், புரூஸ் டூபா ஆகிய நால்வர் 1986இல் வெளியிட்ட கட்டுரை, விரிவின்போது அறிமுகமாகும் பெயர்களை மொழியே அடையாளமிட்டு வேறுபடுத்தினால் இம்மோதல் நேராது என்று காட்டியது. தூய விரிவு எனப்பட்ட இம்முறை 1998இல் ஸ்கீமின் ஐந்தாம் திருத்த அறிக்கையில் மொழியின் பகுதியாகவே இடம்பெற்றது. அத்தகைய மேக்ரோவுக்குள் துணைச் செயற்கூறு ஒன்றை வரையறுத்து, அதற்கு எவ்வளவு சாதாரணமான பெயரையும் வைக்கலாம், மோதல் நேராது.

டெக்கில் இத்தகைய தூய்மையைப் பின்னிருந்து சேர்க்க முடியாது. ஏனெனில் அதன் ஆணைப்பெயர்கள் எல்லாம் ஒரே பொது வெளியில் வாழ்கின்றன. லாடெக் குழுவினர் எடுத்த முடிவு, மொழியால் தரமுடியாத தனிமையைப் பெயரிடும் ஒழுங்கால் தருவது. பழைய லாடெக் தன் உள்பெயர்களில் @ என்ற குறியைச் சேர்த்து, ஆவணம் எழுதுவோர் தவறுதலாக அதைத் தொடாதபடி செய்தது. எக்ஸ்பிஎல்3 எனப்படும் புதிய நிரலாக்க அடுக்கு, ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரிலும் அது எந்தத் தொகுதிக்குரியது என்பதைச் சேர்க்கச் சொல்கிறது. தொகுதிக்கு வெளியே எவரும் அழைக்கக்கூடாதவற்றுக்கு இரட்டை அடிக்கோட்டை முன்னொட்டாக வைக்கிறது. உள்ளூர் மாறிக்கும் பொது மாறிக்கும் முதலெழுத்தையே வேறாக்குகிறது. புதிய செயற்கூற்றைப் படைக்கும் அதன் ஆணை எப்போதும் பொதுவாகவே வரையறுக்கிறது. உள்ளூரளவில் நிற்கவேண்டிய வரையறைக்கு வேறோர் ஆணை இருக்கிறது.

இந்த ஒழுங்கு ஸ்ட்ரேச்சியின் உத்தியைப் போல மனத்தைக் கவர்வதன்று. ஆனால் டெக்கில் எழுதுகிறவருக்கு அதுவே சரியான வழி. துணைநிரலை வெளியே, தனித்த முன்னொட்டோடு, ஒருமுறை மட்டும் வரையறுத்து, அதற்குத் தேவையானவற்றை உள்ளீடுகளாகத் தந்துவிடவேண்டும். வெளி மேக்ரோவின் உள்ளீடு துணைநிரலின் உடலுக்குள் தைக்கப்பட்டே ஆகவேண்டிய இடத்தில் மட்டும், குழுவைத் திறந்து, குறிகளை இரட்டித்து, உள்ளே வரையறுப்பது தகும். 2020 பிப்ரவரி வெளியீட்டிலிருந்து எக்ஸ்பிஎல்3 லாடெக்கின் கருவோடு சேர்ந்தே ஏற்றப்படுவதால், இவ்வழியைப் பின்பற்றத் தனித்தொகுப்பு எதையும் தேடவேண்டியதில்லை.